மேனேஜருக்கு மைக்ராஸ்கோப் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவனுக்குக்கூட அவ்வளவு பயம் இருக்காது. ஒரு மைக்ராஸ்கோப்பைப் பார்த்து வாங்கிக் கொடுப்பதற்குள் எனக்கு மூன்று வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. அதுவும் எனக்காக இல்லை. எங்கள் வொர்க்ஸ் மேனேஜருக்கு, அவர் வீட்டில் வைத்துப் பழைய நாணயங்களைப் பார்ப்பதற்கு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எனக்கு லேப் வேலை. பதினொரு வருஷம். பதினொரு வருஷமும் கான்ட்ராக்ட். கேட்டில் எங்களுக்கு மஞ்சள் அட்டை, பெர்மனென்ட் ஆட்களுக்கு நீல அட்டை. கேன்டீனில் சாம்பார் ஒன்றுதான், வரிசை மட்டும் வேறு. உலை ஒரு தடவை உருக்கி ஊற்றுவதை நாங்கள் ஒரு ஹீட் என்போம். ஒவ்வொரு ஹீட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி லேப்புக்கு வரும். அதை வளைத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, மெருகேற்றி, அமிலம் தொட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு கம்பி லாரி ஏறாது.

எங்கள் ஆலையில் அந்த ஓகே ஒரு வார்த்தை இல்லை, சாமி உத்தரவு. லேப் ஒரு தடவை ஓகே சொல்லிவிட்டால் திருப்பி வாங்க முடியாது. வாங்கியே தீருவேன் என்று அடம்பிடித்தால் அதற்கு ஒரு ரீடெஸ்ட் பாரம் இருக்கிறது. அதை நிரப்பி, காரணம் எழுதி, வொர்க்ஸ் மேனேஜரிடமே போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பாரத்தை ஒருவன் நிரப்பி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதே ஆலையில் இன்னொரு ஓகேவும் புழங்குகிறது. இன்டர்காமில் யார் எது கத்தினாலும், மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாவிட்டாலும், ‘ஓகே சார்’. காதில் விழுந்தது, ஆளை விடுங்கள் என்று அர்த்தம். ஒரே வாயில் இரண்டு ஓகே வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தினால் ஒரு நாள் மாட்டாமல் என்ன செய்யும்?

மேனேஜர் திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர். ஷிப்ட் சூப்பர்வைசராக உள்ளே வந்து படிப்படியாக ஏறியவர். ஏசி அறையில் உட்கார்ந்த பிறகும் பேச்சு மாறவில்லை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. எனக்குக் கொஞ்சம் நாணயப் பைத்தியம் உண்டு. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஓட்டைக் காலணாவும் அரையணாவும் வைத்திருக்கிறேன். ஒரு நாள் கேன்டீனில் அதைப் பற்றி யாரிடமோ அளந்துகொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அவருக்கும் அதே பைத்தியம், என்னைவிடப் பெரிய அளவில். அன்று முதல் சட்டைப் பையில் எதையாவது போட்டுக்கொண்டு லேப் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, பொய் சொல்வானேன்.

அந்தச் சமயத்தில்தான் பெர்மனென்ட் லிஸ்ட் பேச்சு கிளம்பியது. ஆலை முழுக்க நாலே நாலு பேர். லிஸ்டை எழுதி மேலே அனுப்புகிறவர் இவர்தான்.

“ஒன் பேர என் கையாலயே எழுதிருக்கேன்பா. மேல போயி கையெழுத்தாயி வரணும், அவ்ளோதான். அதுக்குள்ள ஏதாவது ஏடாகூடம் பண்ணிக்காத” என்றார்.

அன்று கவரைப்பேட்டையில் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி ஊத்துக்கோட்டையிலிருக்கும் தன் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். “நைனா, இவுருக்குப் பெர்மனென்ட் ஆவப்போவுது!” பதினொரு வருஷமாக ஒவ்வொரு பண்டிகைக்கும் அவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் அவளிடம் பதில் இருந்தது.

அடுத்த வாரமே ஏடாகூடம் நடந்தது. காலையில் மேனேஜர் ஒரு சின்னக் காகித உறையை என் மேஜையில் வைத்தார். “முப்பத்தொம்போதுபா! வெள்ளி ரூவா. பாத்து வை” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினார். 1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் என்பது எங்களைப் போன்ற பைத்தியங்களுக்குக் குதிரைக்கொம்பு. முப்பத்தெட்டு, கொஞ்சம் அலைந்தால் கிடைக்கும். முப்பத்தொன்பதைக் கையில் வைத்திருப்பவனைப் பார்ப்பதே அபூர்வம். எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அன்று ஒரு லாரி கேட்டில் நின்றுகொண்டு, பச்சைச் சீட்டு எங்கே பச்சைச் சீட்டு எங்கே என்று டிஸ்பாட்ச்காரர்கள் உயிரை எடுத்தார்கள். உறையை விளக்கடியில் தள்ளி வைத்துவிட்டுத் துண்டுகளோடு மல்லுக்கட்டினேன்.

இன்டர்காம் அடித்தது. பத்தாவது தடவை.

“இன்னாபா, ஆச்சா? ஓகேவா?”

“ஓகே சார்” என்று வைத்துவிட்டேன். டிஸ்பாட்ச் என்றுதான் நினைத்தேன். அந்த இரைச்சலில் கடவுளே பேசினாலும் குரல் தெரியாது.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் உள்ளே வந்தார், முகமெல்லாம் பல். கூட இரண்டு இன்ஜினியர்கள். “லேப்புல ஓகே பண்ணிட்டாங்கய்யா! எனக்கு மின்னாடியே தெரியும்” என்று உறையை எடுத்துப் பிரித்து அவர்களுக்குக் காட்டினார். நான் கையில் இடுக்கியோடு நின்றேன். அந்த நிமிஷத்தில், ‘சார், நான் லாரியைக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இன்ஜினியர்கள் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். சென்னையில் நாணயம் சேர்க்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்களாம். அங்கே முப்பத்தொன்பதைக் காட்டப்போகிறார். அதற்கு முன்னால் ‘க்ளோசப்பில்’ ஒரு போட்டோ வேண்டும் என்றார். அப்போதுதான் முதல்முதலாக அந்த ரூபாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

எங்கள் லேப் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அது இரும்பின் குடலைப் பார்க்கச் செய்த சாமான். வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழும். நூறு மடங்கில் நாணயம் எங்கே தெரியும், வெள்ளையாக ஒரு பாலைவனம்தான் தெரிந்தது. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. சரிதான் என்று உடைந்த கம்பி முனை பார்க்கும் கை லென்ஸை எடுத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்தேன்.

பார்க்காமலே இருந்திருக்கலாம். அச்சில் அடிபட்ட வெள்ளிக்கு ஒரு ஓட்டம் உண்டு. நாணயத்தைச் சாய்த்தால் வெளிச்சம் அதன்மேல் உருண்டு ஓடும். வருஷத்தின் கடைசி எண் பக்கத்தில் மட்டும் அது ஓடாமல் நின்றது. எட்டின் கீழ்ச் சுழியில் இடது பக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டால் எட்டு ஒன்பதாகிவிடும். யாரோ பொறுமையாக உட்கார்ந்து அதைத்தான் செய்திருந்தான். சுரண்டின இடம் ஒரு மயிரிழைப் பள்ளம், அதில் பொடிப்பொடியாகக் கீறல். மேலே மெருகு வேறு போட்டிருக்கிறான், படுபாவி.

போட்டோவில் அது தெரியவில்லை. மேலேயிருந்து எடுத்தால் தெரியாது. “ஜோரா கீதே!” என்று மேனேஜர் வாங்கிக்கொண்டார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? ‘சார், இது டூப்பு’ என்றால் அடுத்த கேள்வி, ‘அப்ப அன்னிக்கி ஓகேன்னியே?’ நான் கொடுத்த ஓகேவைத் திருப்பி வாங்கப் பாரம் எழுதினாலும் அவர் கையெழுத்துதான் வேண்டும். நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையோடு.

அவர் போகிற போக்கில் அடுத்த ஆப்பையும் செருகினார். “நம்ம மைக்ராஸ்கோப்பு காயினுக்கு லாயக்கில்லபா. ஊட்டுக்கு ஒண்ணு வாங்கிப்புடறேன். அவங்க எதிர்ல வெக்கறதுக்கு மின்ன நாமளே ஒரு தபா நல்லாப் பாத்துடணும் இல்ல? நீ மைக்ராஸ்கோப்பு ஆளு, நீயே பாத்து வாங்கியா. இந்தா, இத்த வெச்சே டெஸ்ட் பண்ணிப் பாரு” என்று பணத்தோடு அந்த ரூபாயையும் என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். கடைசியில் கையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

“யோவ், நீ இன்னா காயின் டாக்டரா? அவுருக்குத் தெரிஞ்சா தெரியட்டும், தெரியலன்னா போவட்டும். சின்னதா பொம்ம மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு வாய மூடிக்கினு இரு. லிஸ்டுலேருந்து பேர அடிச்சிட்டார்னா எங்க நைனா மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

“அந்த மீட்டிங்ல நாலு பேரு எதிர்ல அசிங்கப்படுவாரே.”

“அவுரு அசிங்கப்பட்டா அவுருக்கு. நீ ஏன் பேஜாரு பண்ணிக்கற?”

அவள் சொன்னதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் தொல்லையே.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் பாரிமுனைக்குப் போனேன். சந்துக்குள் சந்தாகப் போனால் பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடைகள் இருக்கின்றன. முதல் கடையிலேயே கடைக்காரர், “இன்னா பாக்கணும் சார், ரத்தமா, கிருமியா?” என்றார். காயின் என்றதும் குஷியாகி ஒரு டப்பாவைப் பிரித்தார். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், கம்ப்யூட்டரில் சொருகிக்கொள்ள ஒரு வயர். டப்பாவின்மேல் ‘ஆயிரம் மடங்கு’ என்று போட்டிருந்தது. ஆயிரம் மடங்காம்! அச்சடிக்க அட்டை இருந்தால் போதும், லட்சம் மடங்கு என்றுகூடப் போடலாம். ரூபாயை வைத்தேன். குழாயைச் சுற்றி வளையமாக எரிந்த விளக்கு வெள்ளியில் பட்டு அப்படியே திரும்பி வந்தது. கடைக் கம்ப்யூட்டர் திரையில் பெரியதாக, பளபளவென்று, சினிமா மாதிரி ஒரு ஒன்பது. பள்ளமும் இல்லை, கீறலும் இல்லை. சுரண்டினவன் இதைப் பார்த்திருந்தால் தானே ஒன்று வாங்கியிருப்பான்.

என் நெஞ்சு எவ்வளவு இலேசானது தெரியுமா? இதை வாங்கிக் கொடுத்தால் போதும். மேனேஜர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துக் குதிப்பார். மீட்டிங்கில் யாராவது கண்டுபிடித்தால், ‘மைக்ராஸ்கோப்புல நல்லாத்தானே சார் தெரிஞ்சிச்சி’ என்று நானும் கையை விரிப்பேன். லிஸ்ட்டும் அதற்குள் கையெழுத்தாகி வந்துவிடும்.

கடைக்காரர் விடவில்லை. எங்கள் லேப்பில் இருக்கிற மாதிரி ஒன்றை இழுத்து வைத்தார். அதில் லென்ஸின் மூக்கு நாணயத்தை முட்டாத குறை. கை கொஞ்சம் நடுங்கினால் வெள்ளியில் கோடு விழுந்துவிடும். அது வேண்டாம் என்றேன். மூன்றாவதாக, தூசித் துணி போர்த்தி மூலையில் இருந்த ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஜாதி. பெருக்கம் குறைவுதான், ஏழிலிருந்து நாற்பத்தைந்து வரை. ஆனால் நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு சாண் இடம். பக்கத்தில் வளைகிற கழுத்தோடு தனி விளக்கு. இத்தனை வருஷம் மைக்ராஸ்கோப்போடு குடும்பம் நடத்தியவன், பெருக்கம் கூடினால் கூடுதலாகத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாணயத்துக்குப் பெருக்கம் பெரிசில்லை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து சாய்கிறது என்பதுதான் பெரிசு. கண்ணை வைத்தேன். வெள்ளியில் மேடும் பள்ளமும் கையால் தடவிப் பார்க்கிற மாதிரி எழுந்து வந்தது.

“நகருங்க சார், போக்கஸ் சரியா கீதான்னு பாக்கறேன்” என்று கடைக்காரர் குனிந்தார். இரண்டு நிமிஷம் திருகினார். பிறகு தலையைத் தூக்காமலே, “இது இன்னா சார், எட்டா ஒம்போதா?” என்றார்.

நாணயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷன்! எனக்குப் பகீரென்றது. அந்த மைக்ராஸ்கோப்பில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிகிறது.

வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். குழாயை வாங்கினால் பெர்மனென்ட். இரண்டு கண் மிஷினை வாங்கினால் என் பெயர்மேல் கோடு. கணக்கு அவ்வளவு சுலபம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்துப்போய், ‘நான் பார்த்துத் தேர்ந்தெடுத்தது’ என்று அவர் கையில் கொடுப்பதை நினைத்தாலே கூசியது. வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதிலும் ஏமாற்றினால் எனக்கென்று என்ன மிச்சம்?

இப்படிச் சொன்னால் ஏதோ பெரிய தைரியசாலி மாதிரி இருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த நல்ல மிஷினை வாங்கியது வேறொரு கள்ள யோசனையில். நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? மிஷின் சொல்லட்டும். அவரே பார்ப்பார், அவரே கண்டுபிடிப்பார், ‘அட, நம்ம ரெண்டு பேருமே ஏமாந்துட்டோமேப்பா’ என்பார். நானும் ‘ஆமா சார்’ என்று உச்சுக்கொட்டுவேன். கடைக்காரருக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாமலா போகும்? இந்த நம்பிக்கையில் பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

திரும்பி வரும் ரயிலில் நிற்க இடமில்லை. பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் ஆள் நெருக்க, பொன்னேரி தாண்டும்வரை மூச்சு விடக்கூட யோசித்துத்தான் விட்டேன். சட்டைப் பையில் அந்த ரூபாய் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி, “இன்னா சார், மிக்ஸியா?” என்றாள். “ஆமாங்க” என்றேன். பொய் சொல்வது அந்த மூன்று வாரத்தில் அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு, மேனேஜர் லேப்புக்கு வந்து கதவைச் சாத்தினார். மிஷினை மேஜையில் நிறுத்தி வைத்திருந்தேன். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அதைச் சுற்றி வந்தார்.

“ஒண்ணுந் தெரியலியேப்பா. ரெண்டு வட்டமா தெரியுது.”

“ரெண்டு குழாயையும் கண்ணுக்கு ஏத்த மாதிரி நெருக்குங்க சார்.”

நெருக்கினார். “அட! அட அட அட! கிரீடத்துல கல்லு கல்லா தெரியுது பாரு!” என்று கால் தரையில் நிற்காமல் கத்தினார். கொஞ்ச நேரம் கிரீடத்திலேயே இருந்தார். நான் நாணயத்தைத் திருப்பினேன். வருஷத்தை நடுவில் கொண்டுவந்தேன். விளக்கின் கழுத்தை வளைத்து, வெளிச்சம் அந்தப் பள்ளத்தின்மேல் படுத்த மாதிரி விழ வைத்தேன். இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படிக் காட்டுவது?

“இப்ப வருஷத்தப் பாருங்க சார்.”

பார்த்தார். நான் விளக்கை இன்னும் ஒரு நூல் சாய்த்தேன்.

“ஒம்போது. கும்முனு கீது” என்றார்.

“நல்லாப் பாருங்க சார். கீழ்ச் சுழிகிட்ட.”

“பாத்தேன்பா. அழகா வளஞ்சி கீது.” நிமிர்ந்து என் தோளில் தட்டினார். “சூப்பர் மிஷினு. ஞாயித்துக்கெழம இத்தையும் தூக்கிக்கினு போயி அவங்க எதிர்ல வெக்கறேன். வந்து பாருங்கடான்னு!”

கண்ணிருந்து என்ன பயன்? அவருக்கு ஒன்பது வேண்டியிருந்தது, ஒன்பதைப் பார்த்தார். மிஷின் சொல்லாது. எந்த மிஷினும் வாய் திறந்து சொல்லாது. கதவு சாத்தியிருந்தது, அவருடைய கை என் தோள்மேல் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு போய், தானே தன் மானத்தை நாற்பத்தைந்து மடங்கு பெரிசாக்கி நாலு பேருக்குக் காட்டப்போகிறார். அதையும் நான்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

“சார், அது ஒம்போது இல்ல. எட்டு” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். மறுபடி குனிந்தார். நான் ஒரு குச்சி முனையால் பள்ளத்தைத் தொடாமல் காட்டினேன். இந்தத் தடவை வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கோபம் இல்லை, முகம் வெளுத்திருந்தது.

“ஒனக்கு எப்ப தெரியும்?”

“போட்டோ எடுத்தன்னிக்கி சார்.”

“அதுக்கு மின்னாடியே ஓகேன்னியே?”

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. ஏமாந்துவிட்டேன் சார், கண்ணில் படவில்லை என்று சொல்லியிருக்கலாம். திறமை போதவில்லை என்பதோடு போயிருக்கும். என் திறமையைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில், “அன்னிக்கி நான் பாக்கவே இல்ல சார். கவரக்கூடத் தொறக்கல. நீங்க லாரியத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சி ஓகேன்னுட்டேன்” என்றேன். சொல்லும்போது ஏதோ நல்ல பதில் சொல்வது மாதிரிதான் இருந்தது.

அவர் ரூபாயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“செரி. அந்த லாரியயாச்சும் பாத்துட்டுத்தான் ஓகே சொன்னியா?”

வாயைத் திறந்தேன். அன்று காலை வளைத்தது நினைவிருக்கிறது, இழுத்தது நினைவிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேனா? வைத்திருப்பேன். டிஸ்பாட்ச் கத்திக்கொண்டிருந்தது. வைத்தேனா? அவருக்குப் பின்னால் அலமாரியில் பதினொரு வருஷத்துப் பச்சைச் சீட்டுகளின் அடிக்கட்டைகள் வரிசையாக இருந்தன. அத்தனையும் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் எது பார்த்துப் போட்டது, எது வெறுமனே வாயிலிருந்து வந்தது என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கம்பிகள் எல்லாம் இன்று யார் யார் வீட்டுக் கூரைக்குள்ளோ இருக்கின்றன. அவர் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, மிஷினுக்கு உறையைப் போட்டு மூடி, “போ, வேலயப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயரை அடித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. மிஷின் அவருக்குப் பிடித்திருந்தது என்று மட்டும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். ஆர்டர். பெர்மனென்ட்.

“எழுதுன பேர நான் அடிக்கல. பதினோரு வருசம் ஒழச்சிருக்க” என்றார். கண் என்னைப் பார்க்கவில்லை. “ஆனா லேப்புல இனிமே நீ வாணாம். நாளயிலேருந்து லாரி எட போடற வே பிரிட்ஜுக்குப் போயிடு. அங்க மிஷினே நம்பர் சொல்லிடும்.”

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

ஆர்டரில் பதவியும் சம்பள நிலையும்தான் இருந்தன, எந்த இடம் என்று இல்லை. வீட்டில் என் மனைவி அதை வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்து, கேசரி கிண்டி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். “லேப்புல பெர்மனென்ட் ஆயிட்டார்க்கா. மைக்ராஸ்கோப்புல பாக்கற வேல. அவுரு கையெழுத்து இல்லன்னா ஒரு லாரி வெளிய போவ முடியாது” என்று அவள் சொல்வதை ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

இரண்டு மாதம் ஆகிறது. லாரி மேடைமேல் ஏறும், எண் சிவப்பாக எரியும், பட்டனை அழுத்தினால் சீட்டு தானாக வரும். டிரைவர்கள் அதைக் கிழித்துக்கொண்டு போய்விடுவார்கள். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. கழுத்தில் நீல அட்டை. ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது வருஷம் இருக்கிறது. பெர்மனென்ட் வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று எவனால் ஊருக்குள் சொல்ல முடியும்? காலையில் அவள் இஸ்திரி போட்டு வைக்கிற வெள்ளை லேப் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறுகிறேன், சாயங்காலம் கசக்கி எடுத்துவருகிறேன்.

நேற்று நாஷ்டா வைக்கும்போது அவள் சொன்னாள்: “ஆயுத பூஜைக்கி ஊட்டு ஆளுங்கள உள்ள விடுவாங்களாமே? நைனா ஒரே ஒரு தபா ஒன் லேப்பப் பாக்கணும்ன்றாரு. ஊத்துக்கோட்டையிலேருந்து மொத பஸ்ஸுல வந்துடறேன்னாரு. இட்டுக்கினு போறியா?”

இட்லியை மென்று விழுங்கினேன்.

“அதுக்கின்னா, இட்டுக்கினு போறேன்” என்றேன்.